கட்டணத்துக்கு ஒரு வழி, கருவிக்கு ஒரு வழி

மாற்றுத்திறனாளி மாணவர்களின் தொழில்நுட்பப் படிப்பு, உதவித்தொகை குறித்த வாசகர் கேள்விகளுக்குக் கல்வி ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் பார்வைக் குறைவு. மாவட்ட அலுவலகத்தில் கொடுத்த அடையாள அட்டைப் புத்தகத்தில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. புத்தகத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துத்தான் படிப்பாள். ஆனாலும் படிப்பை விட்டதில்லை. 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. இப்போது பிளஸ் 2வில் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். மார்ச்சில் பொதுத் தேர்வு. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டுக்காரர் விசைத்தறியில் வேலை பார்க்கிறார். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் காலேஜ் வாசல் மிதித்தவர்கள் கிடையாது. "கண்ணு தெரியாத பிள்ளைக்கு எதுக்கு இன்ஜினீயரிங்? பி.ஏ. படிச்சிட்டு பேங்க் பரீட்சை எழுதட்டும்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் ஒரு டீச்சர், "சக்ஷம் என்று வருடம் 50 ஆயிரம் தருகிறார்கள்" என்றார். அது காலேஜ் கட்டணத்துக்குக் காணுமா? லேப்டாப் வேறு வாங்க வேண்டுமாமே, அதற்கு எங்கே போவது? முதலில், அவளால் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். முடியும். உங்கள் மகள் தேர்ந்தெடுத்திருக்கும் துறை அவளுக்குப் பொருந்தாத துறை அல்ல. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு அதிகம் வழிவிடுகிற துறைகளில் இதுவும் ஒன்று.

காரணம் எளிது. கணினி நிரல் என்பது வெறும் எழுத்து. எழுத்தாக இருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், நிறம் மாற்றிப் பார்க்கலாம், காதால் கேட்கலாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் திரை உருப்பெருக்கி திறக்கும். கண் சோர்ந்துபோகிற நேரத்துக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006ல் தொடங்கிய மென்பொருள் அது. இன்றைக்கும் காசில்லாமல் கிடைக்கிறது.

அது நிரலை எப்படிப் படிக்கும் என்று ஓர் உதாரணம். பைத்தான் மொழியில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே பொருள் மாறும். கண் தெரிந்தவர் அந்த இடைவெளியைப் பார்த்துப் புரிந்துகொள்வார். என்.வி.டி.ஏ.வின் அமைப்பில் ஒரு தேர்வை மாற்றிவிட்டால், வரி உள்ளே போகப் போக ஒரு சிறு ஒலி சுருதி ஏறிக் கேட்கும். வெளியே வந்தால் சுருதி இறங்கும். 'நான்கு இடைவெளி, எட்டு இடைவெளி' என்று வாயால் சொல்லவும் வைக்கலாம். சில மாதப் பழக்கத்தில் நிரலின் வடிவம் காதிலேயே பதிந்துவிடும்.

14 வயதில் பார்வையை முற்றிலும் இழந்த டி.வி.ராமன், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994ல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைப் பேச்சாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருள்தான் அவருடைய ஆய்வு. பிறகு கூகுள் நிறுவனத்தில் கணினி விஞ்ஞானியாகப் பணியாற்றினார். அவர் படித்த காலத்தில் இன்றைய வசதிகளில் பாதிகூடக் கிடையாது.

சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொறியியல் முதலாண்டில் வரைபடப் பாடம் வரும். ஆய்வகத்தில் சின்னச் சின்ன அளவுகோல்களைப் படிக்க வேண்டியிருக்கும். அந்த இடங்களில் கல்லூரி வழி செய்து தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

பணக் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உதவித்தொகை கட்டணத்துக்குக் காணுமா?" கணக்கை இப்படிப் போடுவதால்தான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கையில் வரும் பணம் முழுவதும் கட்டணத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளையிடம் கணினி இருக்காது, படிக்கத் தகுந்த வடிவில் புத்தகம் இருக்காது. இரண்டாம் பருவத்தில் அரியர் விழும். "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று உறவுக்காரர்கள் சொல்லக் காத்திருப்பார்கள்.

கட்டணத்தைத் தள்ளுபடி, சலுகை வழியாகக் குறையுங்கள். பணமாகக் கையில் வருவதைக் கருவிக்கு ஒதுக்குங்கள். இந்த இரண்டையும் கலக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கட்டணத்தைக் குறைக்கும் வழி

உங்கள் மகளுக்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன.

முதலாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. பொறியியல் படிப்புக்கு 2021ல் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் தமிழக அரசே ஏற்கிறது.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 32ஆம் பிரிவின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும். உச்ச வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் சிறப்புப் பிரிவினரைத்தான் முதலில் அழைப்பார்கள். இந்தப் பிரிவில் விண்ணப்பிப்போர், ஒதுக்கப்பட்ட இடங்களைவிட மிகக் குறைவு. நிரம்பாத இடங்கள் ஆண்டுதோறும் பொதுப் பிரிவுக்கு மாறிவிடுகின்றன. நம் பிள்ளைகளுக்கென்று வைத்த இடம், கேட்க ஆளில்லாமல் கைமாறிப் போவது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம்.

மூன்றாவது, முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் இதுவரை பட்டம் பெற்றவர் யாரும் இல்லை என்பதற்கு வருவாய்த் துறையின் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெறுவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும்.

விண்ணப்பத்தில் இந்த மூன்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள். எதில் இடம் கிடைக்கிறதோ அதற்கேற்பக் கட்டணம் குறையும். சிறப்புப் பிரிவினரைச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு நேரில் அழைப்பது வழக்கம். அந்த அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். சிறப்புப் பிரிவில் விரும்பிய இடம் கிடைக்காவிட்டால் தரவரிசைப்படி பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம்.

ஜே.இ.இ. எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2016 முதல் ஐ.ஐ.டி.களில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழு விலக்கு. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப் படிப்பிலும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

கருவிக்கான வழி

இப்போது உங்கள் டீச்சர் சொன்ன சக்ஷம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ., வழங்கும் உதவித்தொகை இது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பட்டப் படிப்பு அல்லது டிப்ளமோ முதலாண்டில் சேர்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டுச் சேர்க்கையில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டப் படிப்புக்கு 4 ஆண்டு, டிப்ளமோவுக்கு 3 ஆண்டு வரை கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்குத் தேறிய சான்றுடன் புதுப்பிக்க வேண்டும். பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும்.

கட்டணம் மட்டுமல்லாமல் கணினி, புத்தகம், உபகரணம், மென்பொருள் ஆகியவற்றுக்கும் இந்தப் பணத்தைச் செலவிடலாம். திட்டத்தின் பழைய விதியைப் பார்த்தால் நோக்கம் இன்னும் தெளிவாகும். அப்போது கட்டணத்துக்கு 30,000 வரை, இதர செலவுக்கு மாதம் 2,000 வீதம் 10 மாதம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கட்டண விலக்கு பெற்ற மாணவருக்கு அந்த 30,000 ரூபாயைப் புத்தகம், கணினி, மென்பொருள், வாகனம் வாங்கத் தந்தார்கள். கட்டணத்தை வேறு வழியில் சமாளித்த பிள்ளை இந்தப் பணத்தில் கருவி வாங்குவது திட்டத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போவதுதான்.

சக்ஷமுக்கு மாற்றாக இன்னொன்றும் உண்டு. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை வழங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. 11ஆம் வகுப்பு முதல் முதுகலை வரை படிப்போருக்கு உரியது. குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். இதில் பராமரிப்புத் தொகையோடு, திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை ஈடுசெய்கிறார்கள். மொத்த இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருப்பதால் மதிப்பெண் பார்த்துத் தேர்வு செய்வார்கள்.

இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்க முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது? கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டால் சக்ஷம் நல்லது. கட்டணச் சலுகை எதுவும் அமையாமல், கட்டணம் அதிகமுள்ள கல்லூரியில் சேர வேண்டி வந்தால் போஸ்ட் மெட்ரிக் பற்றி யோசிக்கலாம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் போல ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வராத படிப்பு என்றால் சக்ஷம் கிடைக்காது. அங்கேயும் போஸ்ட் மெட்ரிக்தான் வழி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற, அரசு பட்டியலிட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு 'டாப் கிளாஸ்' என்று தனி உதவித்தொகை உண்டு.

பெண் என்பதால் ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகைக்கும் உங்கள் மகள் தகுதியுடையவளே. அதுவும் 50,000தான். ஆனால் அதில் போட்டி கடுமை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பதால் சக்ஷமுக்கே விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் தொடங்கியது. வேறு உதவித்தொகை பெறுவோரும் இதைப் பெறலாம் என்கிறது தமிழக அரசு. ஆனால் சக்ஷம் வழிகாட்டுதலில் பிற அரசு உதவி பற்றி நிபந்தனை வரும். வாங்குகிற எதையும் மறைக்காமல் சொல்லி, கல்லூரியின் உதவித்தொகை அலுவலரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் ஒரு முறை நேரில் விசாரியுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை என்று மாநில அரசின் திட்டம் ஒன்று உண்டு. அதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை.

காகிதங்கள்: இன்றே தொடங்க வேண்டியவை

தகுதியுள்ள பிள்ளை உதவித்தொகை இழப்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பது பழைய அட்டைப் புத்தகம். சக்ஷமுக்கு யு.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டை வேண்டும். ஸ்வாவ்லம்பன் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனை மருத்துவர்கள் பார்த்துச் சதவீதத்தை உறுதிசெய்வார்கள். இதற்கு வாரக் கணக்கில் ஆகலாம். இதுதான் முதல் வேலை.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டில் நம் எல்லோருக்கும் வருகிற சிக்கல் இது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் முன்னெழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் முன்னெழுத்து, அல்லது அப்பா பெயர் முழுதாக. வங்கிப் பாஸ்புக்கில் முன்னெழுத்தே இல்லாமல் வெறும் பெயர். யு.டி.ஐ.டி. அட்டையில் ஆங்கில எழுத்தில் ஒன்று கூடவோ குறையவோ. நமக்கு நான்கும் ஒரே பிள்ளை. கணினிக்கு நான்கு பேர். நான்கையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 10ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்துங்கள். திருத்த நாளாகும் என்பதால்தான் இப்போதே சொல்கிறேன்.

வங்கிக் கணக்கு மகள் பெயரில் தனியாக இருக்கட்டும். "ஆதார் நகலைக் கொடுத்துவிட்டோம்" என்பது போதாது. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரண்டு கணக்கு இருந்தால் ஆதார் கடைசியாக இணைத்த கணக்குக்குப் பணம் போய்விடும்.

வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று மூன்றையும் இ-சேவை மையம் வழியாக எடுத்து வையுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஒருமுறைப் பதிவு. அதில் 14 இலக்க எண் கிடைக்கும். படிப்பு முடியும் வரை அதே எண்தான், எழுதி வையுங்கள். விண்ணப்பம் அனுப்பியதும் வேலை முடிந்துவிடாது. கல்லூரியில் இதற்கென்று உள்ள பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். கெடுவுக்குள் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறையாவது நிலையைப் பாருங்கள். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. "முடித்துத் தருகிறேன், ஆயிரம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

கருவி என்றால் என்னென்ன?

முதல் ஆண்டின் 50 ஆயிரத்தை ஒரு நல்ல மடிக்கணினிக்கு ஒதுக்குங்கள். திரை பெரிதாக, ஒளி எதிரடிக்காததாக இருக்கட்டும். உருப்பெருக்கியும் திரைவாசிப்பானும் நிரல் எழுதும் மென்பொருளும் ஒரே சமயத்தில் ஓட வேண்டும் என்பதால் 16 ஜி.பி. நினைவகம் நல்லது. விலை உயர்ந்த திரைவாசிப்பான் வாங்க வேண்டாம், என்.வி.டி.ஏ. போதும். வாங்கும் முன் கடையில் மகளை உட்காரவைத்துத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் கண்ணுக்கு எது வசதி என்று அவள்தான் சொல்ல முடியும்.

இன்னொரு தேவை, படிக்கக்கூடிய புத்தகம். ஆசிரியர்கள் பலர் அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவார்கள். கண் தெரிந்தவருக்கு அது புத்தகம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஒரு வார்த்தைகூடப் படிக்காது. தட்டச்சு செய்த மூலக் கோப்பையே கேட்டு வாங்கப் பழக்குங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் படிக்கத் தகுந்த வடிவில் புத்தகங்களை மாற்றிக்கொள்ள, 2012ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. 2016ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் அப்படி மாற்றிய புத்தகங்கள் கிடைக்கின்றன. பிளஸ் 2 தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான மாதங்களில் என்.வி.டி.ஏ.வும் விசைப்பலகைத் தட்டச்சும் பழகிவிட்டால், முதல் பருவத்தில் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பாள்.

உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981ல் தொடங்கிய நிறுவனம் அது. 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகளை ஒரு முறை அங்கே கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

சட்டத்தில் 'நியாயமான இணக்க வசதி' என்று ஒன்று உண்டு. குறைபாடு உள்ள ஒருவர் மற்றவர்களைப் போலவே தன் உரிமையைப் பயன்படுத்தத் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். சேர்ந்த முதல் வாரத்திலேயே முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெரிய எழுத்தில் வினாத்தாள், தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், தேவைப்பட்டால் ஸ்க்ரைப் (சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர்), முன் வரிசை இருக்கை, வரைபடப் பாடத்துக்கும் ஆய்வகத்துக்கும் மாற்று ஏற்பாடு ஆகியவற்றைக் கேளுங்கள். நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் ஓடியாட வேண்டியிருக்கும். கல்லூரி மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

உறவினர்களுக்கு நீங்கள் சொல்லவேண்டிய பதில் இதுதான்: பி.ஏ.வும் வங்கிப் பணியும் நல்ல வழிகள்தாம், அவற்றை விரும்புகிற பிள்ளைக்கு. உங்கள் மகள் விரும்புவது வேறு. அரசு வேலையே வேண்டும் என்றாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீடு பொறியியல் பட்டதாரிக்கும் உண்டு.

கேள்வி: என் தம்பிக்கு வலது கை விரல்கள் சரியாக மடங்காது. மருத்துவக் குழு 35 சதவீதம் என்று எழுதிவிட்டது. இந்த ஆண்டு பி.இ. எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்திருக்கிறான். வேகமாக எழுத முடியவில்லை. 40 இல்லை என்றால் எதுவுமே கிடையாதா?
— வாசகர், திருவண்ணாமலை

பதில்: சக்ஷம், 5 சதவீத இட ஒதுக்கீடு இரண்டுக்கும் 40 சதவீதம் கட்டாயம். மதிப்பீடு தவறு என்று நீங்கள் உண்மையாகவே கருதினால் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம். யாரோ சொன்னார்கள் என்று பொய்ச் சான்றிதழ் பக்கம் மட்டும் போக வேண்டாம். அது தம்பியின் படிப்பையே அழித்துவிடும், உண்மையான தகுதி உள்ள இன்னொரு பிள்ளையின் இடத்தையும் பறிக்கும்.

தேர்வு எழுதும் வசதி வேறு விஷயம். அதற்கு 40 சதவீதம் தடையில்லை. எழுதும்போது கைத் தசை இறுகிக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒரு தேர்வருக்கு ஸ்க்ரைப் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. விகாஷ் குமார் வழக்கு என்பார்கள். 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதைக் காரணம் காட்டி, எழுதச் சிரமப்படுபவருக்கு ஸ்க்ரைபை மறுக்க முடியாது. அதைத் தொடர்ந்து மத்திய அரசும் 2022 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் உண்டு என்று அரசு மருத்துவரிடம் சான்று வாங்கி, கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். செலவுக்கு, முதல் பட்டதாரி சலுகையும் உங்கள் சமூகப் பிரிவுக்குரிய கல்வி உதவித்தொகையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குக் காது கேட்காது, 80 சதவீதம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முதலாண்டு. சக்ஷம் பணம் 50 ஆயிரம் இப்போதுதான் வந்தது. வீட்டில் வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கிறது. அதை அடைத்துவிடலாமா? டிப்ளமோ முடித்தபின் பி.இ. படித்தால் மறுபடி உதவித்தொகை உண்டா?
— வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். டிப்ளமோ முடித்து, பக்கவாட்டுச் சேர்க்கையில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்தால், அந்த 3 ஆண்டுகளுக்குச் சக்ஷமுக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம். பட்டப் படிப்பைச் சைகை மொழிச் சூழலில் படிக்க விரும்பினால், சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.சி.ஏ. வகுப்பு நடக்கிறது.

கடனைப் பற்றி. வட்டி ஏறுகிற வீட்டின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் மகனுக்குப் பாடம் நின்றுபோகிறது. உதடு தெரியாது, சொல் போய்ச் சேராது. பேச்சை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் 'லைவ் டிரான்ஸ்க்ரைப்' செயலி இலவசம், தமிழிலும் இயங்கும். அது ஓட ஒரு நல்ல கைபேசியும், ஆசிரியரின் சட்டையில் மாட்டும் சின்ன ஒலிவாங்கியும் வேண்டும். காது கேட்கும் கருவி பயன்படுத்தினால் அதற்கு அச்சும் பேட்டரியும் மாற்ற வேண்டும். வீட்டில் எழுத்துத் துணையோடு பாடக் காணொளிகள் பார்க்கவும், தானே நிரல் எழுதிப் பழகவும் ஒரு கணினி வேண்டும். இவை இல்லாமல் மூன்றாண்டு உட்கார்ந்தால் சான்றிதழ் கிடைக்கலாம், வேலை கிடைக்காது. இவற்றோடு படித்தால் அந்தக் கடனை அவனே அடைப்பான்.

அடுத்த ஆண்டு தொகையைப் பெறவும் அவன் தேறியாக வேண்டும். இந்த ஆண்டுப் பணம் அவன் படிப்புக்குப் போனால்தான் அடுத்த ஆண்டுப் பணத்துக்கு உத்தரவாதம். என்ன வாங்குவது என்று கடைக்காரரிடமும் உறவினரிடமும் கேட்பதற்கு முன் மகனிடம் கேளுங்கள். வகுப்பில் எந்த இடத்தில் பாடம் தவறிப்போகிறது என்பது அவனுக்குத் தெரியும். அவன் சொல்வதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.